விளக்கும் வழக்கும்

சென்ற சனிக்கிழமை மாலை நாம் ஒரு நிரபராதியைக் குற்றவாளி என்று தீர்மானித்து, நாலு பேர் கேட்கும்படி அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியும் விட்டோம். திங்கட்கிழமை காலையில் அவரிடமே சென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இவ்விரண்டுக்கும் நடுவில் நாம் கற்றுக்கொண்ட பாடத்தை நேயர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. நமக்கு நேர்ந்தது நாளைக்கு வேறு எந்த வீட்டிலும் நேரக்கூடியதுதானே?

வழக்குக்குக் காரணம் நமது எழுத்து மேஜையின் மேலுள்ள குழல் விளக்கு. கனமான இரும்புப் பீடம். அதிலிருந்து எழுந்து கொக்கின் கழுத்தைப்போல் வளையும் ஒரு தண்டு. தண்டின் தலையில் ஒரு தகரத் தொப்பி. தொப்பிக்குள் ஓரடி நீளமுள்ள 8 வாட் குழல். இருபது வருஷமாக நம்மோடு வாழ்ந்துவரும் விளக்கு அது. முன்னிரவில் நமது புதல்வி அதன் ஒளியில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிப்பாள். அவள் உறங்கப் போனபின் நாம் எழுத உட்காருவோம்.

வெள்ளிக்கிழமை இரவு ஸ்விட்சைப் போட்டபோது, குழலின் இரண்டு முனைகளிலும் செந்நிறம் படர்ந்தது. நடுப்பாகமோ இருண்டே கிடந்தது. ஐந்து நிமிஷம் காத்திருந்தும் பயன் இல்லை. குழலின் ஆயுள் முடிந்துவிட்டது என்று தீர்ப்பளித்துவிட்டு நாம் படுக்கப் போனோம்.

மறுநாள் கடைத்தெருவிலுள்ள மின்சாரச் சாமான் கடையில் புதிய குழல் ஒன்று வாங்கி வந்து மாட்டினோம். என்ன ஆச்சரியம்! புதிய குழலும் பழைய குழலைப் போலவே இரு முனைகளில் சிவந்து நடுவில் இருண்டது. மாலையில் அந்தக் குழலைக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் வயது முதிர்ந்தவர். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குழலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இரண்டு முனையும் சிவக்கிறதா, ஸார்? நடுவில் மட்டுந்தான் இருட்டாக இருக்கிறதா?" என்று நிதானமாகக் கேட்டார்.

நாம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கெட்ட சரக்கை விற்றவர் காலத்தைக் கடத்தப் பார்க்கிறார் என்றே நினைத்தோம். குறுக்கு விசாரணைக்கு உட்பட நாம் அங்கே வரவில்லை என்றும், காசு வாங்கிக்கொண்டு மட்டமான சரக்கைத் தலையில் கட்டுவது வியாபார தர்மமாகாது என்றும் உரத்த குரலில் கூறினோம். கடையில் நின்ற மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் ஒரு கணம் நம்மைப் பார்த்தார். பிறகு வேறொரு குழலை எடுத்துக் காகிதத்தில் சுற்றி நீட்டினார். "காசு வேண்டாம், ஸார்" என்று மட்டும் சொன்னார்.

வெற்றி வீரராக வீடு திரும்பிக் குழலை மாட்டினோம். முனைகள் சிவந்தன. நடுப்பாகம் இருண்டது.

ஒரு குழல் கெட்டதாக இருக்கலாம். வெவ்வேறு நாளில் வெவ்வேறு பெட்டியிலிருந்து வந்த மூன்று குழல்களும் ஒரே விதமாகக் கெட்டிருக்குமா? அப்போதுதான் பெரியவரின் கேள்வி நம் காதில் மறுபடியும் ஒலித்தது. இரண்டு முனையும் சிவக்கிறதா? அவர் காலத்தைக் கடத்தவில்லை. வைத்தியர் நாடி பார்ப்பதைப் போல நோயை விசாரித்திருக்கிறார். நாம்தாம் கையை நீட்ட மறுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாமும் நமது புதல்வியும் விசாரணையைப் புதிதாகத் தொடங்கினோம். முதலில் இந்த விளக்கு எப்படி எரிகிறது என்று தெரிந்துகொள்வது அவசியமாயிற்று.

சாதாரண பல்பில் கம்பி ஒன்று காய்ந்து வெண்சூடாகி ஒளி தருகிறது. குழல் விளக்கின் மார்க்கம் வேறு. குழலுக்குள் சிறிதளவு ஆர்கன் வாயுவும், சில மில்லிகிராம் பாதரஸமும் இருக்கின்றன. மின்சாரம் பாதரஸ ஆவியின் ஊடே பாயும்போது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கிரணங்கள் உண்டாகின்றன. கண்ணாடியின் உட்புறத்தில் பூசியிருக்கும் வெண்பொடி அவற்றை வாங்கிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றிக் கொடுக்கிறது. ஒரு கிரணத்தை உண்டு வேறொரு கிரணத்தை உமிழும் இந்தக் குணத்துக்கு 1852-ஆம் ஆண்டில் ஃப்ளோரஸன்ஸ் என்று பெயரிட்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். அந்தக் குணத்தைக் கொண்டு செய்த குழல் விளக்குகள் அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன.

இதில் ஒரு சங்கடம் உண்டு. குளிர்ந்து கிடக்கும் குழலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நமது வீட்டு 230 வோல்ட் மின்சாரம் தானாகத் தாவிவிடாது. அதைத் தாவச் செய்ய இரண்டு துணைவர்கள் வேண்டும். ஒருவர் சோக்கு, இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள். மேஜை விளக்கின் பீடம் அவ்வளவு கனமாக இருப்பதற்கு இவரும் ஒரு காரணம். மற்றவர் ஸ்டார்ட்டர், கட்டை விரல் அளவுள்ள ஒரு சிறு டப்பி.

ஸ்விட்சைப் போட்டதும் மின்சாரம் சோக்கின் வழியாகவும் குழலின் இரு முனைகளிலுள்ள கம்பிச் சுருள்களின் வழியாகவும் ஸ்டார்ட்டரை அடைகிறது. ஸ்டார்ட்டருக்குள் வாயு நிரம்பிய குமிழ் ஒன்றும், அதற்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு ஒன்றும் இருக்கின்றன. வாயு ஒளிர்ந்து தகட்டைச் சூடாக்குகிறது. சூடான தகடு வளைந்து எதிர்முனையைத் தொடுகிறது. உடனே மின்சாரம் தாராளமாகப் பாய்ந்து குழலின் முனைகள் சிவக்கின்றன. இதற்குள் தகடு குளிர்ந்து விலகுகிறது. அந்த விலகும் கணத்தில் மின்சாரம் சட்டென்று அறுபடுவதால், சோக்கு பல நூறு வோல்ட் கொண்ட ஓர் உந்தலை வெளிப்படுத்துகிறது. அந்த உந்தலில் மின்சாரம் குழலின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தாவிப் பிடித்துக்கொள்கிறது. குழல் எரிகிறது. அதன் பிறகு ஸ்டார்ட்டருக்கு வேலை இல்லை. சோக்குக்கு உண்டு, குழலுக்குள் மின்சாரம் அளவுக்கு மீறிப் பெருகாமல் கட்டிக் காப்பது அதன் கடமை.

நமது புதல்வி இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்துவிட்டு, பென்ஸிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்பா, முனைகள் சிவக்கின்றன என்றால் மின்சாரம் வருகிறது என்றுதானே அர்த்தம்? சோக்கு அறுந்திருந்தால் அது வராது. குழலின் சுருள் அறுந்திருந்தாலும் வராது. சிவந்து சிவந்தே நிற்கிறது என்றால், தொட்ட தகடு விலகவில்லை. குற்றவாளி ஸ்டார்ட்டர்தான்!"

இந்த அனுமானத்தைப் பரீட்சை செய்து பார்க்க வேண்டாமா? சமையலறையில் நன்றாக எரியும் குழல் விளக்கு ஒன்று இருந்தது. அதன் ஸ்டார்ட்டரின் மேல் 4 முதல் 65 வாட் வரையில் என்று அச்சிட்டிருந்தபடியால், நமது 8 வாட் குழலுக்கும் அது பொருந்தும். "உங்கள் ஆராய்ச்சிக்காக என் சமையலறை இருட்டாக வேண்டுமா?" என்று நமது இல்லத்தரசி ஆட்சேபித்தாள். அரை மணி நேரத்தில் திருப்பித் தருவதாக வாக்களித்து, அந்த விளக்குக்குரிய மின்சாரத்தை மெயினிலே நிறுத்தி, ஸ்டார்ட்டரை இடப்புறமாகச் சிறிது திருகி எடுத்தோம். மேஜை விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பீடத்தின் அடியில் பார்த்தால், ஒரு சிறு தகட்டு மூடிக்குப் பின்னால் நமது ஸ்டார்ட்டர் ஒளிந்துகொண்டிருந்தது. இருபது வருஷத்தில் அந்த மூடியை நாம் ஒரு தரமும் திறந்ததில்லை. பழையதை எடுத்துப் புதியதைப் பொருத்தி, பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டோம்.

ஒரு சிமிட்டல், இரண்டு சிமிட்டல். மேஜை முழுவதும் வெண்ணிறமான ஒளி பரவிற்று. பழைய குழலை மாட்டிப் பார்த்தோம். அதுவும் எரிந்தது! ஆயுள் முடிந்துவிட்டது என்று நாம் தீர்ப்பளித்த குழல், குப்பைக் கூடைக்கு அருகில் இரண்டு நாள் கிடந்துவிட்டு, ஒரு குறையும் இன்றிப் பிரகாசித்தது.

திங்கட்கிழமை காலையில் இரண்டு புதிய குழல்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குச் சென்றோம். சனிக்கிழமை உரத்த குரலில் பேசிய நாம், இப்போதும் மற்றவர் காதில் விழும்படியே நமது தவற்றைச் சொன்னோம். பழியை ஊரறியச் சுமத்திவிட்டு மன்னிப்பைக் காதோடு கேட்பது நியாயமாகாதல்லவா? பெரியவர் சிரித்தார். "எல்லோரும் குழலைத்தான், ஸார், கையில் எடுத்து வருகிறார்கள். விளக்கை யாரும் கொண்டுவருவதில்லை" என்றார். இரண்டு ஸ்டார்ட்டர் வாங்கிக்கொண்டோம். இரண்டுக்கும் சேர்ந்து ஆன செலவு, நாம் சனிக்கிழமை வாங்கிய குழலின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

அன்று அவர் கடையில் சற்று நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டவற்றையும், வீட்டில் நாமே சோதித்துப் பார்த்தவற்றையும் இங்கே எழுதுகிறோம். வீட்டில் இன்னும் இத்தகைய விளக்கு வைத்திருப்பவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, உயிருக்குக் காவல். ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். சில வீடுகளில் கம்பிகளை இடம் மாற்றி இணைத்திருப்பார்கள். அங்கே ஸ்விட்சு அணைந்த பிறகும் விளக்குக்குள் மின்சாரம் நின்றிருக்கும். மேஜை விளக்கானால், பிளக்கைப் பிடுங்கி மேஜையின்மேல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துவிட்டே தொடவேண்டும். ஈரக்கை கூடாது. சோக்கு சூடாக இருக்கும். சிறிது நேரம் ஆறவிடுவது நல்லது.

இரண்டாவது, விளக்கில் எந்த அறிகுறியுமே இல்லாவிட்டால், விளக்கைப் பிரிக்குமுன் அதே பிளக்குத் துளையில் வேறு ஏதாவது ஒன்றைச் செருகிப் பாருங்கள். மின்சாரமே வராத சுவருக்காக விளக்கைத் தண்டிக்கக் கூடாது. மின்சாரம் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழலை மெல்லச் சுழற்றிக் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, மறுபடி நன்றாகப் பொருந்தும்படி மாட்டுங்கள். பாதி வழக்குகள் இவ்வளவில் சமாதானமாகிவிடும் என்பது பெரியவரின் அனுபவம். அப்படியும் எரியாவிட்டால் ஸ்டார்ட்டரை மாற்றிப் பார்க்கவேண்டும். பிறகு குழலை நன்றாக எரியும் வேறொரு விளக்கில் மாட்டிச் சோதிக்கவேண்டும். ஆனால் அந்த விளக்கு அதே நீளமும் அதே வாட்டும் உடையதாக இருத்தல் அவசியம். சுருள் அறுந்ததா என்று மீட்டர் கொண்டும் பார்க்கலாம். ஒரே முனையிலுள்ள இரண்டு ஊசிகளுக்கும் இடையே தொடர்பு இருக்கவேண்டும். இல்லையேல் அந்தச் சுருள் அறுந்துவிட்டது.

மூன்றாவது, முனைகள் மட்டும் சிவந்து நின்றால், அது நமது வழக்கு. ஸ்டார்ட்டருக்குள் தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். அல்லது அதனுடன் சேர்த்துள்ள சிறிய கண்டென்ஸர் கெட்டிருக்கும். இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றே, புது ஸ்டார்ட்டர். இந்த நிலையில் விளக்கை எரியவிட்டு வைப்பது தவறு. சுருள்கள் வீணாகக் காய்ந்து, நல்ல குழலும் விரைவில் கெட்டுப்போகும். நாம் வெள்ளிக்கிழமை ஐந்து நிமிஷம் காத்திருந்தது பொறுமை அல்ல, அறியாமை.

நான்காவது, எரிவதும் அணைவதுமாகக் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தால், முதலில் குழலின் முனைகளைப் பாருங்கள். நன்றாகக் கறுத்திருந்தால் அது முதுமை. சுருளின்மேல் பூசிய பொருள் ஒவ்வொரு தடவை விளக்கை ஏற்றும்போதும் சிறிது தேய்கிறது. அது தீர்ந்த குழலை எந்த ஸ்டார்ட்டரும் எழுப்பாது. முனைகள் வெளுப்பாக இருந்தால் ஸ்டார்ட்டரைச் சந்தேகிக்கலாம். மாலை வேளையில் தெரு முழுவதும் வோல்ட் குறைந்திருந்தாலும் இந்தக் கண்சிமிட்டல் நேரிடும்.

ஐந்தாவது, வண்டு ரீங்காரம் செய்வதைப்போல் ஓசை எழுந்தால், சோக்கின் திருகாணிகள் தளர்ந்திருக்கலாம். ஆனால் எரிந்த நாற்றம் வந்தாலும், சோக்கிலிருந்து கீல் போன்ற பொருள் கசிந்தாலும், புதிய குழல் அளவுக்கு மீறிய ஒளியுடன் மின்னிவிட்டு உடனே மாண்டாலும், அங்கே நமது வீட்டு வைத்தியம் நின்றுவிடவேண்டும். இன்னொரு குழலைப் பலிகொடுக்காமல், விளக்கைத் தொழில் தெரிந்தவரிடம் ஒப்பிப்பதே விவேகம்.

இரண்டாக மடித்த குழல் உள்ள மேஜை விளக்குகளும் பல வீடுகளில் இருக்கின்றன. அந்தக் குழலின் அடியில் இரண்டு ஊசிகள் மட்டும் இருந்தால், ஸ்டார்ட்டர் குழலின் அடிப்பாகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். குழலோடு சேர்த்துத்தான் மாற்றவேண்டும். நான்கு ஊசிகள் இருந்தால் பெரும்பாலும் விளக்குக்குள் மின்னணுப் பலகை ஒன்று இருக்கும். குழலை மாற்றியும் எரியாவிட்டால், அந்தப் பலகையை நாமே கிளறாமல் இருப்பது நன்று.

கெட்டுப்போன குழலை என்ன செய்வது? அதனுள்ளிருக்கும் பாதரஸம் சில மில்லிகிராம்தான் என்றாலும், பாதரஸம் விளையாட்டுப் பொருள் அல்ல. ஜப்பானில் மினமாட்டா நகரத்தில் தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரஸம் மீன்களின் வழியாக மனிதர்களைச் சேர்ந்து, கை கால்களையும் கண் பார்வையையும் பறித்தது. அந்நோய் 1956-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அந்த நகரத்தின் பெயரால் 2013-ஆம் ஆண்டில் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையை நமது நாடு 2018-இல் ஏற்றுக்கொண்டது. ஆகையால் பழைய குழலைக் குப்பைத் தொட்டியில் வீசவோ, விளையாடக் குழந்தைகளிடம் கொடுக்கவோ கூடாது. மின்சாதனக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்ப்பிக்கவேண்டும். வீட்டில் கைதவறி உடைந்தால், ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் குழந்தைகளை வெளியே அனுப்பி, கால் மணி நேரம் கழித்துக் கெட்டியான அட்டையால் துண்டுகளை அள்ளி மூடியுள்ள ஜாடியில் போட வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் பொடி அறை முழுவதும் பரவும்.

குழல் விளக்கின் காலமே முடிந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை. அதே உடன்படிக்கையின் கீழ் 2023-ஆம் ஆண்டில் ஜினீவாவில் கூடிய நாடுகள், இவ்வகை விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-ஆம் ஆண்டுக்குள் படிப்படியாக நிறுத்துவது என்று தீர்மானித்தன. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தரும் எல்.ஈ.டி. விளக்குகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. நமது மேஜை விளக்குக்கும் ஒரு நாள் குழல் கிடைக்காமற் போகும். அப்போது தொழில் தெரிந்தவரைக் கொண்டு சோக்கை நீக்கி, எல்.ஈ.டி.க்குத் தக்கபடி கம்பிகளை மாற்றிக்கொள்வோம். பீடமும் கழுத்தும் தொப்பியும் இன்னும் இருபது வருஷம் உழைக்கும். சமயம் வந்தபோது புதியதை ஏற்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒரு சிறு டப்பியின் குற்றத்துக்காக ஒரு முழு விளக்கையும், ஒரு நேர்மையான மனிதரின் நல்ல பெயரையும் சேர்த்துக் குப்பையில் வீசுவதற்கு நாம் இனி இசையமாட்டோம்.

பழுது நேர்ந்தவுடன் கண்ணுக்கு முன்னால் நிற்பவர்மேல்தான் முதலில் கோபம் வருகிறது. குழல் மேலே தெரிகிறது. ஸ்டார்ட்டர் பீடத்தின் அடியில் ஒளிந்திருக்கிறது. குடும்பத்திலும் காரியாலயத்திலும் நாம் அளிக்கும் தீர்ப்புகளில் எத்தனை இப்படிப்பட்டவையோ! ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தீர்ப்பளிக்கும் பொறுமை நமக்கு இருந்திருந்தால், சனிக்கிழமை மாலை ஒரு பெரியவர் தம் கடையிலேயே தலை குனிந்திருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் எழுதி முடித்து நமது புதல்வியிடம் படித்துக் காட்டினோம். காரியம் புரியச் சற்றுத் தாமதமாகும் ஆசாமியை இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'டியூப் லைட்' என்று அழைப்பதை நேயர்கள் அறிந்திருப்பார்கள்.

"எல்லாம் சரிதான், அப்பா. ஆனால் வெள்ளிக்கிழமை இரவு முதல் ஞாயிற்றுக்கிழமை காலை வரையில் இந்த வீட்டில் எரியாமல் இருந்த டியூப் லைட் ஒன்று அல்ல, இரண்டு!" என்றாள்.

இந்தத் தீர்ப்பின் மேல் நாம் அப்பீல் செய்துகொள்ளவில்லை.